ஒன்றரை கிலோமீட்டரில் நின்றுபோகும் ஓட்டத்தைப் பத்து கிலோமீட்டருக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: "வயது 37, எடை 78 கிலோ, ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. மூன்று மாதமாக ஓடப் பார்க்கிறேன். ஒன்றரை கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் ஓடிவிடுகிறேன், அதற்குமேல் மூச்சு இரைத்து நின்றுவிடுகிறேன். தூரம் கூடவே மாட்டேன் என்கிறது. வாரம் 10 சதவீதம் கூட்டு என்கிறார்கள் நண்பர்கள். ஜனவரியில் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவில் ஓட ஆசை. கைவசம் ஆறு மாதம் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வேறு. ஷூவை மாற்ற வேண்டுமா?"

ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். அதே வேகத்தில் போனால் 10 கிலோமீட்டர் சரியாக ஒரு மணி நேரத்தில் முடியும். பெசன்ட் நகரில் வருடக்கணக்காக ஓடுகிறவர்களிலேயே பலருக்கு அந்த ஒரு மணி நேரம் எட்டாத கனவு. நீங்கள் ஓடத் தொடங்கிய முதல் மாதத்திலிருந்து அந்த வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். தூரம் கூடாததற்குக் காரணம் தெம்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம். உங்கள் உடல் இன்று தாங்கக்கூடிய வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓடுகிறீர்கள், அவ்வளவுதான்.

மெதுவாக ஓடும்போது தசைகளுக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியை ஆக்சிஜன் துணையோடு உடல் தயாரித்துக்கொள்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அந்த வழி மட்டும் போதாது. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைக்கும் குறுக்குவழியையும் உடல் அதிகமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும். அதன் விளைவாக வரும் அமிலத்தன்மையைச் சமாளிக்கத்தான் மூச்சு அப்படி இரைக்கிறது. அந்த நிலையில் யாரும் நெடுநேரம் ஓட முடியாது. பயிற்சி கூடக்கூட அந்த எல்லை மேலே நகரும். ஆனால் அதை நகர்த்துவதற்கு எல்லைக்குக் கீழே நிறைய நேரம் ஓட வேண்டும். தினமும் எல்லையில் போய் முட்டிக்கொண்டு ஒன்பது நிமிடத்தில் நின்றால், உடலுக்குக் கிடைக்கும் பயிற்சியே ஒன்பது நிமிடம்தான்.

எவ்வளவு மெதுவாக ஓடுவது? உங்களுக்கு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று வைத்துத் தொடங்குங்கள். எட்டரை ஆனாலும் பரவாயில்லை. ஆனால் எண்ணைவிடப் பேச்சுதான் நல்ல அளவுகோல். பக்கத்தில் ஓடுகிறவரிடம் இரண்டு முழு வாக்கியம் இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். "ம்", "ஆமா" என்று மட்டும் பதில் வந்தால் வேகம் அதிகம். கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை வைத்து ஓடலாமா என்று சிலர் கேட்பார்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது சராசரிக் கணக்கு. உங்களுக்கு 183 என்று வரும், உண்மையான உச்சத் துடிப்பு அதைவிடப் பத்துப் பன்னிரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். போதாததற்கு, மணிக்கட்டு சென்சார் சில சமயம் துடிப்புக்குப் பதிலாகக் கால் வைக்கும் தாளத்தையே எண்ணித் தொலைக்கும். பேச்சு ஏமாற்றாது.

இங்கே தடையாக வருவது பெரும்பாலும் வெட்கம். நம்மைத் தாண்டி ஒரு மாமா வேகநடையில் போய்விட்டால் பொறுக்க முடிவதில்லை. இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். பிழைப்புக்குச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பேரி மாகீ மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துபோகும் 800 மீட்டர் ஓட்டக்காரரைக்கூட வாரம் 160 கிலோமீட்டர் வரை ஓடவைத்தவர் லிடியார்ட். வைட்டாகெரே மலைப்பாதையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சுற்று அவர்களுக்கு வாராந்திர வாடிக்கை. அதே மனிதர்தான் ஆக்லாந்தின் நடுத்தர வயதுக்காரர்களையும் இதய நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு மெல்லோட்டத்தைப் பரப்பினார். 1962-ல் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே போயிருந்தார். பின்னாளில் நைக்கியாக மாறிய நிறுவனத்தின் இரு நிறுவனர்களில் ஒருவர். ஊரில் தடகள அணிக்கே பயிற்சி தருபவர், வயது ஐம்பதை அப்போதுதான் தாண்டியவர். லிடியார்டின் கூட்டத்தோடு ஓடப் போய், எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு முதியவரோடு ஈடுகொடுக்க முடியாமல் திணறிவிட்டார். அந்த முதியவர் வேகமாக ஓடியவர் இல்லை. தன் வேகத்தில் நிற்காமல் ஓடிப் பழகியவர். பவர்மேன் ஊர் திரும்பியதும் ஜாகிங்கைப் பரப்பும் வேலையில் இறங்கினார். அமெரிக்காவில் ஜாகிங் பெரிதாகப் பரவியதில் அந்தப் பயணத்துக்குப் பங்குண்டு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நாளைக்கே ஓர் ஏற்பாடு செய்யலாம். மூன்று நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை. இதையே ஏழு முறை. மொத்தம் 28 நிமிடம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிட வேகத்தில் 21 நிமிடம் ஓடினால் 2.6 கிலோமீட்டர். நடை ஏழு நிமிடத்தில் இன்னொரு 700 மீட்டர். ஆக, மூன்று மாதமாக ஒன்றரையைத் தாண்டாத நீங்கள் முதல் நாளே மூன்று கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள், அதில் ஓடியது மட்டுமே இரண்டரைக்கு மேல். (வலி இருக்கிறது என்கிறீர்களே, அதைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இதைத் தொடங்குங்கள்.)

இடையில் நடப்பது கேவலம் என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே என்பவர் பிற்காலத்தில் இந்த ஓட்டம்-நடை முறையைத்தான் ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1996-ல் ஜாஷ் கிளார்க் உருவாக்கிய, உலகெங்கும் ஓடத் தெரியாதவர்கள் பின்பற்றும் 'கௌச் டு 5கே' திட்டமும் இதே வழிதான். முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. ஒன்பது வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: மூச்சு முட்டிய பிறகு நடந்தால் அது ஓய்வு மட்டுமே. முட்டுவதற்கு முன்பே, கடிகாரம் சொல்கிறது என்பதற்காக நடந்தால்தான் இந்த முறை வேலை செய்யும். முதல் இரண்டு சுற்றில் "எனக்கு நடையே வேண்டாமே" என்று தோன்றும். அப்போதும் நடந்துவிடுங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டப் பகுதியை நீட்டுங்கள்: மூன்று நிமிடம் நான்காகட்டும், பிறகு ஆறு, பிறகு பத்து. நடை எப்போதும் ஒரு நிமிடம்தான். எட்டு ஒன்பது வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம் ஓடுவது சாத்தியம். ஒரு கட்டம் கஷ்டமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யுங்கள். இந்தக் காலத்தில் கிலோமீட்டரைப் பார்க்கவே வேண்டாம், நிமிடம் போதும். வெயில் நாளும் புழுக்க நாளும் தூரத்தை மாற்றும். அரை மணி நேரம் எப்போதும் அரை மணி நேரம்தான்.

இனி 10 சதவீதக் கதை. வாரத்தின் மொத்தத் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களிடையே வேதவாக்கு மாதிரி உலவுகிறது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 532 புதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 13 வாரத்தில் பத்து சதவீத விதிப்படி மெல்ல ஏறியது. மற்றது 8 வாரத்தில் வேகமாக ஏறியது. 2008-ல் வெளியான முடிவில் இரண்டு குழுவிலுமே ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. வாரக்கணக்கைப் பத்து சதவீதத்துக்குள் கட்டிப்போடுவதால் மட்டும் காயம் தவிர்ந்துவிடாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பயனுள்ள ஒரு தகவல் 2025-ல் வந்தது. 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வாரத்துக்கு வாரம் மொத்தத் தூரம் எவ்வளவு ஏறியது என்பது காயத்தை அவ்வளவாக முன்கூட்டிக் காட்டவில்லை. ஒரே ஒரு நாளில் எவ்வளவு தாவினார்கள் என்பதுதான் காட்டியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் நீட்டியவர்களுக்குக் காய ஆபத்து ஏறியது. இரட்டிப்புக்கும் மேல் தாவியவர்களுக்கு ஆபத்தும் இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழகிய ஓட்டக்காரர்கள் என்பதால், கால் இன்னும் பழகாத புதியவர்கள் இதைக் கூடுதலாகவே மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் அடிபடுகிற விதமும் இதுதான். ஒழுங்காக நாலு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை குழுவோடு போவார். "வாங்க ஜி, இன்னைக்கு எட்டு போயிடலாம், பேசிட்டே போனா தெரியாது" என்பார்கள். உண்மையில் தெரியாதுதான். அன்றைக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை படியிறங்கும்போது தெரியும். குழுவில் ஓடுவது மிக நல்லது, நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் உங்கள் தூரம் முடிந்ததும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பும் தைரியம் வேண்டும்.

ஏன் தாவக்கூடாது? உடலின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. பயிற்சி தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும், இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். தசைக்குள் சக்தி தயாரிக்கும் அமைப்புகளும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் சில வாரங்களில் பெருகும். தசைநாண்களுக்கோ மாதக்கணக்கு ஆகும். எலும்பு இன்னும் விசித்திரம். புதிய பாரம் வந்ததும் முதலில் பழைய எலும்பைச் செல்கள் அரித்து எடுக்கின்றன, அதற்கு இரண்டு மூன்று வாரம். அந்தக் குழியை நிரப்பிக் கெட்டிப்படுத்த ஏறத்தாழ மூன்று மாதம். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் "மூச்சு நன்றாக வந்துவிட்டது, இனி வேகம் பிடிக்கலாம்" என்று தோன்றுவதும் அதே சமயத்தில்தான். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரையிலிருந்து உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் ஏறும். உங்கள் எடைக்கு 156 கிலோவுக்குக் குறையாது. எட்டு நிமிட வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,300 அடி வைப்பீர்கள். மூச்சுக்கு வந்த தெம்பு எலும்புக்கும் வந்துவிட்டதாக நினைத்து ஓடினால் கணக்கு இடிக்கும்.

ஆக, அரை மணி நேரம் நிற்காமல் ஓட வந்த பிறகு என்ன செய்வது? தூரத்தை நீட்டுவதற்கு முன் வாரத்தில் ஓடும் நாள்களைக் கூட்டுங்கள். இருபது நிமிட மெல்லோட்டம் ஒன்றை நாலாவது நாளாகச் சேருங்கள். இரண்டு வாரம் அது ஒட்டிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமையை நீண்ட ஓட்டத்துக்கு ஒதுக்குங்கள். மற்ற நாள்கள் அரை மணியைத் தாண்ட வேண்டாம். ஞாயிறு மட்டும் 33 நிமிடம், அடுத்த வாரம் 36, அதற்கடுத்து 39. நாலாவது வாரம் இறக்கம், 30 போதும். பிறகு 42, 46, 50, இறக்கமாக 38. பிறகு 55, 60, 65, இறக்கமாக 48. அப்புறம் ஒரு 70. எந்த ஏற்றமும் அதற்கு முந்தைய உச்சத்திலிருந்து பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 70 நிமிடம் என்றால் எட்டு நிமிட வேகத்தில் எட்டே முக்கால் கிலோமீட்டர். மீதி ஒன்றே கால் கிலோமீட்டரைப் பந்தய நாளின் உற்சாகம் பார்த்துக்கொள்ளும். பயிற்சியிலேயே பத்தைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இறக்க வாரத்தைச் சோம்பேறித்தனம் என்று தாண்டிப் போகிறவர்கள் நிறைய. குறைத்த அந்த வாரத்தில்தான் உடல் பழுது பார்த்துக்கொள்கிறது.

இதெல்லாம் சேர்த்தால் 24 வாரம் வரும். ஆறு மாதத்தில் இரண்டு வாரம்தான் மிச்சம். அதுவும் உங்களுக்குத் தேவைப்படும், ஏனென்றால் நடுவே தீபாவளி வரும், வடகிழக்குப் பருவமழை வரும். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு நவம்பரில் ஓடுவதற்குச் சாலையே இருக்காது. ட்ரெட்மில் இருந்தால் பயன்படுத்துங்கள், தவறில்லை. காய்ச்சல் வந்தால் ஓடவே கூடாது. டெங்கு, சிக்குன்குனியா மாதிரி ஏதாவது வந்து போனால் டாக்டர் சொல்லும்வரை ஓட்டத்தை மறந்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு மூன்று வாரம் விட்டிருந்தால் நாலைந்து படி கீழே இறங்கித் தொடங்குங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்டப் பார்ப்பது மேலே சொன்ன அதே தாவல்தான். பந்தயத்தை 65 நிமிடப் பயிற்சியோடு போய் நின்றாலும் கடைசியில் கொஞ்சம் நடந்து முடித்துவிடலாம்.

காலெலும்பு வலிக்கு வருகிறேன். இதைத்தான் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்பார்கள். பொதுவாக எலும்பின் உள்பக்க ஓரமாக, விரலால் தடவினால் நாலைந்து அங்குல நீளத்துக்குப் பரவலாக வலிக்கும். ஓடத் தொடங்கும்போது வலித்து, சூடேறியதும் குறையும். அப்படியென்றால் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டுப்படுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் விரல் வைத்ததும் சுரீர் என்று வலித்தால், ஒற்றைக்காலில் குதித்தால் வலித்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் கதை வேறு. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் எனப்படும் மயிரிழை முறிவாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்று கேட்டதும் மறுநாள் ஓடப் போய்விடாதீர்கள். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் அது நம் ஊரில் குதிகால் வாதம் என்று சொல்கிற சமாச்சாரம். அதற்கும் சுமையைக் குறைத்து, கெண்டைக்காலுக்குப் பலம் ஏற்றுவதுதான் முதல் மருந்து.

பலம் என்றதும் ஜிம்மில் சேர வேண்டும் என்றில்லை. வாரம் இரண்டு நாள் மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள், முதலில் இரண்டு காலால், பிறகு ஒற்றைக்காலால். முழங்காலை மடக்கிக்கொண்டும் கொஞ்சம் செய்யுங்கள், உள்தசைக்கு அதுதான் போய்ச் சேரும். கூடவே தோப்புக்கரணம். பிள்ளையாருக்குப் போடுகிற வேகத்தில் வேண்டாம், நாலு எண்ணி இறங்கி நாலு எண்ணி ஏறுங்கள். இவ்வளவு போதும்.

ஷூ விஷயத்தில் நிறைய பேர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். வேலைக்குப் போடும் ஸ்னீக்கரில் ஓடுகிறீர்கள் என்றால் மாற்றுங்கள். ஓட்டத்துக்கென்றே செய்த ஷூ ஒன்று மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் நன்றாகவே கிடைக்கும். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். முன்னால் கட்டைவிரல் அகல இடம் விட்டு, கடைக்குள்ளேயே ஓடிப் பார்த்து, போட்ட உடனே சுகமாக இருப்பதை எடுங்கள். பாதம் உள்பக்கம் சாய்கிறது, வெளிப்பக்கம் சாய்கிறது என்று சொல்லி விலை உயர்ந்ததைத் தள்ளிவிடப் பார்த்தால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ உங்களுக்கு இப்போது வேண்டாம். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரு ஜோடி தாங்கும். உங்கள் திட்டம் முடியும் வரை ஒரே ஜோடி போதும்.

ஷூவைவிட எங்கே ஓடுகிறீர்கள் என்பது முக்கியம். கடற்கரை இருக்கிறதே என்று மணலில் இறங்காதீர்கள். தளர்ந்த மணலில் ஓட கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும், கெண்டைக்காலும் குதிநாணும் இழுபடும். எலியட்ஸ் கடற்கரைச் சாலையும் மெரினாவின் நடைபாதையும் போதும். நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரமாகச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் தினமும் பள்ளத்தில் விழுகிற மாதிரி ஆகும், அதனால் திரும்பி வரும்போது எந்தப் பக்கம் சரிவு என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். தூரம் அளந்து குறித்த பாதை வேண்டுமென்றால், 2023-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை ஒதுக்கியிருக்கிறார்கள். கோவைக்காரர்களுக்கு ரேஸ் கோர்ஸ் சுற்று இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, கையைத் தாழ்த்தி, மெல்ல நடந்து கடந்துவிடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு இந்த அறிவுரை மற்ற எல்லாவற்றையும்விட உபயோகப்படும்.

சென்னைப் புழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகாலையில் வெப்பம் குறைவு, ஆனால் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை உடலைக் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான். வழிந்து தரையில் சொட்டுவது வீண். அதனால் அதே முயற்சிக்கு வேகம் இங்கே குறைவாகத்தான் வரும். பெங்களூருக்குப் போன வாரம் திடீரென்று வீரனாகிவிட்டதாகத் தோன்றும், ஏமாறாதீர்கள். வெப்பத்துக்கு உடல் பழக பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டத்தில் வழியில் குடிக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது. முடித்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர் அருமையான பானம். மாறாக, பயந்துபோய் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் மட்டும் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்களிடம்தான், அது அதிகம் காணப்பட்டது. சாப்பாட்டைப் பொறுத்தவரை, அரை மணி ஓட்டத்துக்கு ஒரு காபி குடித்துவிட்டுப் போனாலே போதும். ஒரு மணி நேரத்தை நெருங்கும்போது முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். இதைப் படிக்கும் பெண்களுக்கு: மெதுவாக ஓடியும் அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. பயிற்சியால் தீராத பிரச்சினை அது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 37 வயதில், உட்கார்ந்த வேலையில் இருப்பவர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அப்பா, சித்தப்பா, அண்ணன் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்லும் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ஓட்டப் பைத்தியத்தைக் கிளப்பியவர்களில் ஒருவரான ஜிம் ஃபிக்ஸ் 1984-ல் தன் 52-வது வயதில் ஓட்டத்தின்போதே மாரடைப்பில் இறந்தார். ஓட்டம் கொன்றுவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். அவருடைய அப்பா 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர் என்பதையும், ஃபிக்ஸ் ஒரு காலத்தில் கனத்த உடம்போடு நிறையப் புகைபிடித்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, காரணமில்லாத படபடப்பு வந்தால் "கேஸ்" என்று சோடா குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பந்தய வாரத்தில் புதிதாக எதையும் முயல வேண்டாம். புது ஷூ, புது பனியன், பந்தயத்துக்கு முந்தைய எக்ஸ்போ கண்காட்சியில் இலவசமாகத் தரும் சக்தி ஜெல், எல்லாம் வீட்டில் இருக்கட்டும். கடைசி நீண்ட ஓட்டம் பத்து நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த வாரம் இருபது நிமிட ஓட்டம் இரண்டு போதும். தொடக்கக் கோட்டில் கூட்டத்தின் பின்பாதியில் நில்லுங்கள். முன்னால் நின்றால் மற்றவர்களின் வேகம் உங்களை இழுத்துக்கொண்டு போய், பழையபடி ஆறு நிமிட வேகத்தில் விட்டுவிடும். முதல் இரண்டு கிலோமீட்டரை எட்டேகால் நிமிட வேகத்தில் ஓடுங்கள், எல்லோரும் தாண்டிப் போகட்டும். ஏழாவது கிலோமீட்டரில் பேச்சு இன்னும் தெளிவாக வந்தால் கொஞ்சம் வேகம் பிடிக்கலாம். தண்ணீர் மேசைகளில் நின்று, நடந்துகொண்டே குடியுங்கள். முடித்த பிறகு ஒரு வாரம் ஓடாமல் நடந்தால் போதும். உற்சாகத்தில் அன்றைக்கே அரை மாரத்தானுக்குப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. கட்டுவதானால் அடுத்த ஆண்டின் பந்தயத்துக்குக் கட்டுங்கள்.